கச்சான் காலத்துக் கண்ணீர்

நான் நினைக்காத நாளே இல்லாத என் வாப்பாவுக்கு,

உங்களை அடக்கிய மையவாடிக்கு நாங்கள் பெண்கள் வருவதில்லை. அதனால் என் ஸலாமை இந்தக் காகிதத்தில் வைக்கிறேன்.

போன மாதம் நிந்தவூரில் ஒரு கண் டொக்டரிடம் போனேன். நாள் முழுக்கக் கம்பியூட்டர் முன்னால் மொழிபெயர்ப்பு வேலை. கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல உறுத்தல், அதோடு ஓயாமல் கண்ணீர்.

"கண் காஞ்சி கிடக்கு மகள்," என்றார் அந்த டொக்டர் அம்மா.

"தண்ணி வடியுது டொக்டர். காஞ்சி கிடக்கெண்டு சொல்றீங்க?"

இமை ஓரத்துச் சுரப்பிகளில் எண்ணெய் அடைபட்டால் கண்ணின் ஈரம் நிற்காமல் ஆவியாகிவிடுமாம். காய்ந்த கண் எரியும்போது தண்ணீர் தானாகப் பெருகி வழியுமாம். "காத்துப் பட்டா இன்னும் வடியும். அழுகைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றார்.

டொக்டர் முன்னால் கதிரையில் இருந்தபடியே உங்களை நினைத்தேன்.

நீங்கள் எனக்குப் பேசிய கட்டார் மாப்பிள்ளையை நான் வேண்டாமென்று சொன்னது, வரண்ட கச்சான் காற்று வீசிய காலம். சவளக்கடை வயலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவீர்கள். சட்டைப்பை லேஞ்சியால் கண்ணைத் துடைத்தபடி, என்னை நிமிர்ந்து பாராமல் உள்ளே போவீர்கள். உங்களை அழவைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கேட்கப் பயம். நீங்கள் மௌத்தாகி ஐந்து வருசம், அந்தப் பாரம் இறங்கவேயில்லை.

நீங்களும் யாரிடமும் கேட்கவில்லையே, வாப்பா. எரிகிற கண்ணில் ஜும்ஆவுக்கு முன் சுருமா மை இட்டு, "எரிஞ்சாத்தான் அழுக்குப் போகும்" என்பீர்கள். நோன்பு பிறந்தால், அது முறிந்துவிடுமென்று, கடையில் வாங்கிய சொட்டு மருந்தை அலுமாரிக்குள் வைத்துவிடுவீர்கள். இந்த முறை நான் மௌலவியிடம் கேட்டனுப்பினேன். கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாதாம். ஒரு வார்த்தைதான். எத்தனை நோன்பு மாதங்கள் எரிந்துகொண்டே இருந்தீர்கள்?

டொக்டரிடமிருந்து வந்ததும் உம்மாவிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் அந்தக் கலியாணம் வேணாமெண்டதுக்கு வாப்பா அழுதவரா உம்மா?"

"அழுதவரா? ரெண்டு நாள் கவலப்பட்டவர். பிறகு சொன்னார், அந்தப் பொடியன் வாயத் துறந்தா மூடமாட்டான், என்ட புள்ளைக்குக் கதைக்க எடம் கிடைக்காதெண்டு."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"நீ எங்க கேட்டாய்? பொத்தகத்தத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள கிடந்தாய்."

சிரித்தேன், வாப்பா. பிறகு அழுதேன். அது டொக்டர் சொன்ன வகையில்லை.

அந்தக் கண்ணீர் என்னால் வந்ததில்லை என்பது பெரிய ஆறுதல். கொஞ்சம் ஏமாற்றமும் உண்டு, உங்களிடம் மறைப்பானேன்? இப்போது காலையும் மாலையும் இளஞ்சூட்டுத் துணியைப் பத்து நிமிடம் இமைமேல் வைத்து, மெதுவாகத் தடவிவிடுகிறேன். மருந்தும் நேரத்துக்கு விடுகிறேன். உறுத்தல் குறைந்திருக்கிறது. இவ்வளவுதானா இதற்கு வேண்டியிருந்தது என்று நினைக்கும்போதுதான் தாங்க முடியவில்லை.

உம்மாவும் சில நாளாகக் கண்ணைத் துடைக்கிறார். கேட்டால் "தூசி" என்கிறார். நாளைக்கு அவரை அதே டொக்டரிடம் கூட்டிப்போக நம்பர் எடுத்துவிட்டேன். போகும் வழியில் இன்னொன்றும் கேட்கப்போகிறேன்: நீங்கள் இல்லாத வீடு அவருக்கு எப்படி இருக்கிறதென்று. இதுவரை கேட்டதேயில்லை. இனி யாருடைய முகத்தையும் பார்த்து நானாக முடிவெடுக்க மாட்டேன், வாப்பா. பக்கத்தில் போய் இருந்து கேட்பேன்.

கேட்கத் தாமதித்த
உங்கள் மகள்