இரண்டாகப் பிரித்த டிஸ்க்

அக்கா,

உன் ஹார்ட் டிஸ்க்கை அத்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் உறை மட்டும் என் மேசையில் கிடக்கிறது. உன் பாப்பாவின் பழைய காலுறை. டிஸ்க் அடிபடக் கூடாது என்று நீ கண்டுபிடித்த உறை. இன்னும் உன் அலமாரியின் பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது.

பழைய டிஸ்க், சொருகினால் எழுந்திருக்கவே நேரம் எடுக்கும். ஔந்தில் உங்கள் வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் முனகுவேன். "ஏல, சும்மா இருல. முக்கிட்டு இருக்கு, வந்துரும்" என்பாய். ஒரே படம் இருபது தடவை இருக்கும். பத்தொன்பதை அழி என்றால், "உன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு ஃபோட்டோதான் எடுப்பேன். அதுலயும் நீ கண்ண மூடிட்டு நிப்ப, பாரு" என்று சிரிப்பாய்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. இந்த மழை முடிந்ததும் அத்தானுக்கு மறுகல்யாணம். அதில் எனக்குக் கோபமில்லை. ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் தனியாக எவ்வளவுதான் செய்வார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சிஞ்ச்வட்டில் நம் வீட்டுக்கு வந்து, டிஸ்க்கை நீட்டி அவர் சொன்னது கோபத்தைக் கிளப்பியது.

"வேணுங்கறத நீ எடுத்துக்க மாப்ள. இத காலி பண்ணிக் குடு, புது ஃபோட்டோ எல்லாம் இதுல போட்டுக்கிடுதேன். வாரவளுக்குச் சங்கடமா இருக்கக் கூடாது பாரு."

அவர் உள்ளே நம் அம்மாவோடு பேசப் போனார். பாப்பா என் மடியில் ஏறிக்கொண்டாள். ஒரு வீடியோவைத் திறந்தேன். அவள் முதன்முதலாக நடக்கிறாள். நீ படத்தில் இல்லை, எப்போதும்போல கேமராவுக்குப் பின்னால். "வா, வா, விழ மாட்ட, வா" என்கிறாய்.

"மாமா, இது கோன் பேசறாங்க?" என்றாள், வழக்கம்போல மராத்தியைக் கலந்து.

யாரென்று சொன்னேன். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் அவளுக்கு அந்தக் குரல் தெரியவில்லை.

அன்றே எல்லாவற்றையும் என் டிஸ்க்குகள் இரண்டில் பிரதி எடுத்தேன். கோப்பு கோப்பாகச் சரிபார்த்தேன். பிறகுதான் உன்னுடையதைக் காலி செய்யப் போனேன். எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. பிரதி இருப்பது தெரியும். இருந்தும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அழுத்தினேன். டிஸ்க்கை இரண்டு பகுதிகளாகப் பிரித்தேன். ஒன்றைக் காலியாக விட்டேன். மற்றதில் உன்னுடையதையெல்லாம் திரும்பப் போட்டு, 'பாப்பா அம்மா' என்று பெயர் வைத்தேன்.

இன்று வந்த அத்தானிடம் காட்டினேன்.

"காலி பண்ணச் சொன்னேன்லா."

"பாதி காலியா இருக்கு அத்தான். உங்களுக்கு அது போதும். இது பாப்பாவுக்கு."

"வாரவ கேட்டா என்னன்னு சொல்ல?"

"பேரு அதுலயே இருக்கு."

அவர் கேபிளை அப்படியே பிடுங்கி, டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அப்படிப் பிடுங்கினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும் என்று சொல்ல நினைத்தேன்.

வீட்டுக்குப் போய் அந்தப் பாதியையும் அழிப்பாரோ என்னவோ. அழிக்க ஒரு நிமிடம் ஆகாது. என்னிடம் இருக்கும் டிஸ்க்குகளும் நிரந்தரமில்லை. எல்லாம் சில வருடங்களில் செத்துப்போகும், அதுதான் அவற்றின் லட்சணம். உன் குரலைக் கேட்க எனக்கு எதையும் சொருக வேண்டியதில்லை. அவளுக்கு அப்படி இல்லை. அதனால் ஒன்று சாகும்முன் இன்னொன்றுக்கு, அது சாகும்முன் வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பேன், அவள் தானாக வந்து கேட்கிற வரைக்கும்.