குளத்தின் துள்ளல் அடங்குகிறது

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலம் விசாரிக்கும் சாமர்த்தியம் எனக்குப் போதாது என்று அக்கா சொல்வாள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். மீன் குளத்தை விற்காதீர்கள். கப்பல் வேலையை நீட்டிக்கும் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

'ஒரு வருஷம் கொழிக்குது, மறுவருஷம் காயுது, இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது' என்று எழுதியிருந்தீர்கள். குளத்தின் மேல் பழி போடுவது சுலபம். மீன் குறைந்தால், 'ஒன்னையும் தொடாதே' என்று கப்பலிலிருந்து கட்டளை வரும். மறுவருடம் குளம் கொள்ளாமல் பெருகும். உடனே 'வழிச்சு எடு' என்பீர்கள். அதற்கடுத்த வருடம் தவளைதான் மிச்சம். அக்கா முன்பெல்லாம் சமைத்த மாதிரிதான். நேற்று உப்புக் கரித்தது என்று இன்றைக்குப் போடவே மாட்டாள். இன்றைக்குச் சப்பென்று இருந்ததற்கு நாளைக்கு இரண்டு கை.

அடுத்த வருட எண்ணிக்கை இந்த வருட எண்ணிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. அதை ஒரு வளைகோடாக வரைந்து பார்த்தேன். இருந்த எண்ணிக்கையே மறுவருடமும் திரும்பி வரும் புள்ளி ஒன்று அதில் இருக்கிறது. அந்த இடத்தில் கோடு செங்குத்தாக இறங்கினால், கொஞ்சம் விலகினாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டிக் குதித்துக்கொண்டே இருக்கும். சரிவு தணிந்தால், எங்கே தொடங்கினாலும் மெல்ல அங்கேயே வந்து அடங்கும். சரிவைச் செங்குத்தாக்குவது உங்கள் கட்டளைகள்.

ஆகவே உங்கள் பேச்சை நான் கேட்கவில்லை. பெருத்தாலும் சிறுத்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் பிடித்தேன். கோபப்படுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டு. முதல் வருடம் எண்ணிக்கை இறங்கியது. அப்போதும் பங்கை மாற்றவில்லை. மறுவருடம் ஏறியது, இறங்கியதில் பாதிதான். இந்த வருடம் வலை போட்டபோது வித்தியாசம் தெரியத் தராசு தேவைப்பட்டது. 'என்ன தம்பி, குளத்துக்குப் புத்தி வந்திருச்சா?' என்று வலைக்காரரே கேட்டுவிட்டார்.

நீங்கள் வருவதும் இதே கணக்குத்தான். ஒரு விடுமுறைக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான்கள். அடுத்ததற்கு ஆளே இல்லை. உங்கள் மகள் ஒரு தடவை உங்கள் தோளை விட்டு இறங்கமாட்டாள். மறுபடி நீங்கள் வந்து நிற்கும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, 'யாரு மாமா இவரு?' என்று என்னைக் கேட்பாள்.

'குளத்தைப் பத்தி எவ்வளவு வேணா எழுது, என்னைப் பத்தி ஒரு வரி எழுதாதே' என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை. இப்போதெல்லாம் உப்பு சரியாக இருக்கிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். ருசி பார்க்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று என் வாயால் கேட்பதில் அவளுக்குத் திருப்தியில்லை.

பெட்டி எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். வந்தால், இருங்கள்.

உங்கள் நலம் நாடும்,
பேச்சைக் கேட்காத மைத்துனன்