சேற்றில் ஒரு குதிரை நீளம்

மச்சான்,

இன்று காலை எல்ல வீதியில் வெள்ளைக்காரப் பிள்ளையொன்றை ஏற்றிக்கொண்டு ஒரு மட்டக்குதிரை போனது. அதன் வாடை மூக்கில் ஏறியதும் என் வாய் தானாக, "வாலையும் சேக்கணுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டது. பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். நீங்கள் போய்ச் சேர்ந்தது என் வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

குதிரையை நேரில் பார்க்காமலே குதிரைக்காகச் சண்டை போட்டவர்கள் நாம். பதுளை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்ந்தவர் நீங்கள். தோட்டத்து பெக்டரியில் தேயிலை அரைத்து ஓய்ந்தவன் நான். சனிக்கிழமையானால் பந்தயம் கட்டும் ரேஸ் புக்கியில் டீவி முன்னால் இங்கிலாந்துக் குதிரைகளுக்குக் கத்துவோம். தோற்ற குதிரை எத்தனை குதிரை நீளம் பின்தங்கியது என்று ரேஸ் பேப்பரில் போடுவார்கள். அதை நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் அடுத்த பந்தயத்தில் அதை நம்பலாமா என்று தெரியும். ஐந்து நீளம் ஒரு செக்கன் என்பது உங்கள் சட்டம். தரை சேறானால் குதிரை மெதுவாகத்தானே ஓடும், நாலு நீளத்துக்கே ஒரு செக்கன் போய்விடும் என்றேன் நான்.

"செக்கன் மழையில நனையுமா மச்சான்?" என்று எழுந்து போனீர்கள். அதோடு பேச்சு நின்றது.

என் மகளுடைய கலியாணம் நெருங்கியிருந்தது. உங்களைக் கட்டிய என் தங்கச்சி உங்களுக்கும் எனக்கும் நடுவில் நடந்தே இளைத்தாள். மாமா நீங்கள் நிற்காத மணவறையை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நாலு நீளத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் மகள்தான் நம்மைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் நுவரெலியாவுக்குப் போயி ஒரு குதிரையப் பாத்து முடிவு கட்டிட்டு வாங்க. இல்லாட்டி என் கலியாணத்துக்கு ரெண்டு பேருமே வேணாம்."

நுவரெலியா ஏரிக்கரையில் சவாரிக் குதிரையொன்றை வாடகைக்குப் பிடித்தோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. சேற்றில் நான் குச்சி நட்டேன். குதிரை முழுதும் குச்சியைத் தாண்ட எவ்வளவு நேரம் என்று பார்க்க நீங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்தீர்கள். குதிரையின் நீளத்தில் வாலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முதலில் ஒரு தகராறு. பிறகு அதன் மூக்கு குச்சியைத் தாண்டியது, "ஸ்டார்ட்!" என்றீர்கள். பாதி உடம்பு தாண்டியதும் குதிரை புல்லைக் கண்டு நின்றுவிட்டது. குதிரைக்காரர் சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். அது நிதானமாகச் சாணி போட்டது. நீங்கள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"மச்சான், இந்த வால் வந்து சேர்றதுக்குள்ள புள்ள கலியாணமே முடிஞ்சிரும்" என்றேன்.

சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். தூக்கிவிடக் கை கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "கலியாணத்துக்கு வர்றேன் மச்சான். ஆனா அஞ்சு அஞ்சுதான்" என்றீர்கள்.

கலியாண வீட்டுக்கு முதல் ஆளாக வந்ததும் நீங்கள்தான்.

இப்போதும் சனிக்கிழமை புக்கிக்குப் போகிறேன். இங்கிலாந்தில் மழை என்றாலும் உங்கள் ஐந்து நீளக் கணக்குத்தான் போடுகிறேன். பிழை என்று தெரியும். தோற்றால், "பாத்தீங்களா, சேத்துல நாலுதான்!" என்று உங்களைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறலாம். உங்களோடு பேச எனக்கு வேறு சாக்கு இல்லை மச்சான்.