மனசு ரூமும் உன் மாமாவும்

என் கண்ணு,

இங்க நாங்க எல்லாரும் சுகம். அப்பாவோட முழங்கால் மட்டும் மழை வர்றதுக்கு முன்னாடியே வலிச்சு வானிலை அறிக்கை வாசிச்சுட்டு இருக்கு, மத்தபடி குறை ஒண்ணும் இல்ல. நீயும் மாப்பிள்ளையும் நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி, சண்டை போட்டாலும் அன்னைக்கே முடிச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நான் ஒண்ணை ஆரம்பிச்சா உங்கப்பா நடுவுல வந்து அங்க குளிரா வெயிலான்னு கேட்டு போனைப் பிடுங்கிக்கிறார், அதுக்குள்ள உனக்கு வேலைக்கு நேரமாயிடுது. இது பாதியில நிக்கிற சங்கதி இல்ல, உன் மாமாவைப் பத்தினது. பதறாதே, நல்ல சேதிதான், அக்கா நீ எல்லாத்தையும் அவளுக்கு எழுதிடுன்னு அவனே சொன்னான்.

மாமா லீவுல இருக்கான்னு மட்டும்தானே உனக்குத் தெரியும். நீ கிளம்பிப் போன கொஞ்ச நாள்லயே ஒரு காலை நேரம், பஸ் நிறைய ஆளோட பெரிய பாலத்து நடுவுல ஓட்டிக்கிட்டுப் போறப்ப அவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை வேர்த்து, மூச்சு முட்டி, இதோட நம்ம கதை முடிஞ்சுதுன்னே ஆயிடுச்சாம். எப்படியோ பாலத்தைத் தாண்டி ஓரமா நிறுத்தியிருக்கான். ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்துட்டு, இதயம் குதிரை மாதிரி இருக்கு, இது பதற்ற நோயா இருக்கும், மனநல டாக்டரைப் பாருங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. எனக்கென்ன பைத்தியமான்னு அவன் அந்தப் பக்கமே தலை வைக்கல. திரும்பவும் வந்துச்சு. அப்புறம் பஸ் ஓட்டுறதை விட்டான், பஸ்ல ஏறுறதை விட்டான், தெருவுக்குப் போறதையும் விட்டான், மாடி ரூமே கதின்னு ஆயிட்டான். நானும் தைரியமா இருடா, ஆம்பளை இதுக்கெல்லாம் பயப்படலாமான்னு தினமும் கதவுக்கு வெளியே நின்னு சொல்லிப் பாத்தேன், கதவுதான் கேட்டுச்சு.

அந்த நேரத்துலதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை வந்துச்சு. எக்ஸ்ரே ரூமைத் தாண்டி, முன்னாடி உடைஞ்ச கட்டிலெல்லாம் போட்டு வச்சிருந்த ஒரு பெரிய ரூமைச் சுத்தம் பண்ணி, மனச்சோர்வு மற்றும் பதற்ற நோய்க் கல்வி மையம்னு போர்டு மாட்டியிருந்தாங்க. பேர் இவ்வளவு நீளமா இருந்தா கடைசி எழுத்தைச் சுவத்துலதான் எழுதணும்னு பெயிண்டர் சண்டை போட்டாராம், அதனால எல்லாரும் மனசு ரூம்னுதான் சொல்றாங்க. அதை நடத்துறவங்களைச் சொல்றேன் கேளு. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க, அவங்க சூடா டீ குடிச்சு யாரும் பாத்ததில்ல. ஒரு பெரிய நர்ஸம்மா, குரலை வச்சு அவங்களுக்கு மேஜர்னு பேர். நான் பூப்போட்ட துணி காட்டினேன், இங்க வர்றவங்க ஏற்கனவே ஆயிரம் யோசனையோட வர்றாங்க, நீங்க வேற அவங்களைப் பூ எண்ண வைக்காதீங்கன்னு சொல்லி வெறும் பச்சை நிறம்தான் வேணும்னு நின்னுட்டாங்க. அப்புறம் ஹலோ சார். பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவர், மனச்சோர்வுல படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியாம கெடந்து மீண்டு வந்தவராம். இப்ப தினமும் காலையில வந்து, மனசு சரியில்லாதவங்க கூப்பிடுற டெலிபோன் பக்கத்துல உக்காந்துக்கிறார். சில பேர் போன் போட்டுட்டு வாயே திறக்க மாட்டாங்களாம். அதுக்கு இவர், பரவாயில்ல, ஒரு அவசரமும் இல்ல, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டு, ரிசீவரைக் காதுல வச்சபடியே காத்துக்கிட்டு இருப்பார். நான் ஏணி மேல நின்னு கம்பி மாட்டிக்கிட்டே இதைக் கேட்டேன். இறங்கி வந்து, சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இப்படி இருக்குன்னு ஆரம்பிச்சேன். பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தத் தெரிஞ்சவர் உங்க வீட்டுல மாடியில இருக்காரா, கீழயான்னு கேட்டார் பாரு, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துடுச்சு.

வீட்டுக்காரங்களுக்குன்னு அங்க தனியா ஒரு வகுப்பு இருக்கு, அதுல சேந்துக்கிட்டேன். காய்ச்சல்காரன்கிட்டப் போய் உடம்பு சுடாம இருடான்னு சொல்வீங்களா, அப்புறம் இவங்ககிட்ட மட்டும் ஏன் பயப்படாதேன்னு சொல்றீங்கன்னு மேஜர் ஒரு அதட்டல் போட்டாங்க, எங்க வரிசையில எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். டாக்டரம்மா சொல்ற பாடம் நல்லாத்தான் இருக்கும், ஆனா வாசல் தாண்டினதும் பாதிப் பேருக்கு மறந்துடும். அதனால வெளி நோயாளிங்க உக்காந்திருக்கிற கூடத்துல ஒரு சின்ன நாடகம் போடலாம்னு மேஜர் முடிவு பண்ணிட்டாங்க. ஆள் பத்தல. பேங்க் வரிசையில நிக்கிறப்ப பதற்றம் வர்ற ஆள் வேஷம் எனக்கு. எனக்கு! ஸ்கூல்ல மரமா நடிச்சப்பவே கீழ விழுந்தவ நான்.

அடுப்படியில ஒத்திகை பாத்தேன். நெஞ்சைப் பிடிச்சு, கண்ணைச் சொருகி, ஐயோன்னு கத்திக்கிட்டே நாற்காலியில சாஞ்சேன். உங்கப்பா ஓடி வந்து ஒரு சொம்புத் தண்ணியை அப்படியே என் மூஞ்சியில ஊத்திட்டார். அந்தச் சத்தத்துல மாமா மாடியிலேர்ந்து இறங்கி வந்தான். விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு தடவை செஞ்சு காட்டச் சொல்லி வாசப்படியில நின்னே பாத்தான். அக்கா, பல்லு பிடுங்குற மாதிரி இருக்கு, யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டான். இப்படியெல்லாம் யாரும் கத்த மாட்டாங்க, வெளியே ஒண்ணுமே தெரியாது, முகம் சிரிச்சுக்கிட்டுக்கூட இருக்கும், உள்ளேதான் எல்லாம் இடிஞ்சு விழுந்துக்கிட்டு இருக்கும்னான். இத்தனை நாள்ல அவன் வாயிலேர்ந்து அதைப் பத்தி வந்த முதல் பேச்சு அது. நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஈரத் தலையோட, அப்ப நீயே சொல்லிக் குடேன்டான்னேன். சாயங்காலம் சாயங்காலம் சொல்லிக் குடுத்தான், நானும் உருண்டு புரண்டு பாத்தேன். கடைசியில கையெடுத்துக் கும்பிட்டு, உனக்கு இந்த ஜென்மத்துல வராது, யாரு அந்த மேஜர், அவங்ககிட்ட நானே பேசிக்கிறேன்னுட்டான்.

ஆனா அவ்வளவு சுலபமா போயிடல. முதல் நாள் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் என்கூட நடந்து வந்தவன் அங்கேயே நின்னான், உதடு வெளுத்துப் போச்சு, அப்படியே திரும்பிட்டான். நானும் புத்தி சொல்லாம கூடவே திரும்பினேன். மறுநாளும் கேட்லயே நின்னான். மேஜர் ரெண்டு காகிதக் கப்புல டீ எடுத்துக்கிட்டு இறங்கி வந்து, வா போன்னு ஒண்ணும் சொல்லாம, உங்க ரூட் பஸ் என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்கா, உங்க டிரைவர்ங்க எல்லாம் எங்கதான் தூங்குறாங்கன்னு கேட்டாங்க. அவனுக்கு வந்துச்சே கோபம்! சிக்னலைப் பத்தி, சாலையில தோண்டின பள்ளத்தைப் பத்தி, சில்லறை தராத ஜனங்களைப் பத்தி அவன் வாதாட, அவங்க நடந்துக்கிட்டே எதிர்வாதம் பண்ண, இவனும் விடாம பின்னாலயே போய், வாதத்தை முடிச்சு நிமிர்ந்து பாத்தா மனசு ரூமுக்குள்ள நிக்கிறான். எதிர்ல பச்சைத் திரைச்சீலை. அன்னைக்கே டாக்டரம்மா உக்கார வச்சு நிதானமா பேசினாங்க, மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, வகுப்புல சேத்துக்கிட்டாங்க.

போன மாசம் நாடகம் நடந்துச்சு, என் வேஷத்துல மாமா. பேங்க் வரிசை வேண்டாம், பஸ்ஸே இருக்கட்டும்னு மாமாதான் கேட்டு மாத்தினான். நாற்காலிகளை வரிசையாப் போட்டு பஸ் ஆக்கி, அவன் முன்னாடி உக்காந்தான், நான் அவனுக்குப் பின் சீட்டுல பயணி, வாய் திறக்கக் கூடாதுன்னு எனக்குக் கண்டிப்பான உத்தரவு. கூடம் நிறைய ஆளு. நல்லாத்தான் போச்சு. பாலத்து மேல வண்டி ஏறுற கட்டத்துல அவன் பேச வேண்டியதைப் பேசல. பின் கழுத்துல வேர்வை இறங்குறது எனக்குத் தெரிஞ்சுது. அவன் மெதுவா சபையைப் பாத்துத் திரும்பி, மன்னிக்கணும், இது நடிப்பு இல்ல, இப்ப நிஜமாவே வந்துடுச்சு, கொஞ்சம் பொறுங்க, இது தானா இறங்கிடும், இறங்குறதை நீங்களும் பாருங்கன்னான். டாக்டரம்மா எழுந்திரிக்கப் பாத்தாங்க, மேஜர் அவங்க கோட்டைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. அவன் ரெண்டு கையையும் தொடை மேல வச்சு மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டான். ஓடிப் போய்க் கட்டிக்கணும்னு எனக்குத் துடிச்சுது, ஆனாலும் டிக்கெட் எடுத்த பயணி மாதிரி அசையாம உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது, அவன் தோள் மெல்ல இறங்குச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டு, அடுத்த ஸ்டாப்புல யாராவது இறங்குறீங்களான்னு கேட்டான் பாரு, கூடமே குலுங்கிச் சிரிச்சுது. நான் மட்டும் அழுதேன், அதுவும் வாய் திறக்காமதான்.

முடிஞ்சதும் கையெல்லாம் கிரீஸோட ஒரு மெக்கானிக் வந்து மாமா முன்னாடி நின்னார். மலை மாதிரி ஆளு. சார், எனக்கும் இதேதான், வருஷக்கணக்கா வீட்டுல சொல்லலன்னு கிசுகிசுன்னு சொன்னார். அவர் சம்சாரம் பின்னாலயேதான் நின்னாங்க, இவர் சொல்லாட்டியும் எனக்கு எப்பவோ தெரியும், என்ன செய்யணும்னுதான் தெரியலன்னாங்க. ரெண்டு பேரையும் மாமாவே கூட்டிட்டுப் போய் ரூமுக்குள்ள உக்கார வச்சான்.

அதுக்காக எல்லாம் தீந்துடுச்சுன்னு நினைச்சுக்காதே. டெப்போவுல இப்போதைக்கு வேற வேலை குடுத்திருக்காங்க. பாலத்தைப் பயணியாத்தான் தாண்டுறான், சில நாள் முன் ஸ்டாப்புலயே இறங்கித் திரும்பிடுறான், அன்னைக்குக்கூட வந்து சாப்பாட்டுக்கு உக்காந்து உங்கப்பாவைக் கிண்டல் பண்றான், எனக்கு அது போதும். வாரத்துல ஒரு நாள் மனசு ரூம்ல புதுசா வர்றவங்களுக்கு அவன்தான் முதல்ல பேசுறான். வண்டியைப் பழுது பாக்க விட்டா வெக்கப்படுறீங்களான்னு ஆரம்பிக்கிறானாம். டாக்டரம்மா இப்ப அந்த நேரத்துலதான் சூடா டீ குடிக்கிறாங்க.

கண்ணு, தூர தேசத்துல இருக்கே, அம்மா வருத்தப்படுவாளேன்னு எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னே சொல்லாதே. மனசு சரியில்லாத அன்னைக்கு சரியில்லன்னே சொல்லு. நான் புத்தி சொல்ல மாட்டேன், அழுதா அழட்டும்னு விட்டுட்டு நான் பாட்டுக்கு இங்க தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டு இருப்பேன், நீ பேசி முடிக்கிற வரைக்கும் உனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, நினைச்சது நடந்து, நீண்ட காலம் நிறைவா வாழணும். மாப்பிள்ளையோட சட்டை அளவை மறக்காம அனுப்பு, போன தடவை நீ கண்ணால அளந்து சொன்னதுல தைச்சது உங்கப்பாவுக்குத்தான் சரியா இருக்கு, அவர் அதைக் கழட்ட மாட்டேங்கிறார்.

எப்பவும் உன் நினைப்புல இருக்கிற,
அம்மா