கிட்டார் இடது பக்கம் இருந்தது

போன வாரம் புதுக் கைப்பேசி வாங்கினேன். எழுத்தைப் பெரிதாக்க வழி தேடி அதன் அமைப்புகளுக்குள் துழாவிக்கொண்டிருந்தபோது, செவித்திறன் என்ற தலைப்பின் கீழ் ஒரு சின்னப் பொத்தான் கண்ணில் பட்டது. இடது, வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் என்று அதற்கு விளக்கம் எழுதியிருந்தது. விரலால் தள்ளினால் போதுமாம். நான் தள்ளவில்லை. இந்த ஒரு காரியத்துக்காக நீ கல்லூரி ஆய்வகத்தில் விரலைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மத்தியானம் நினைவுக்கு வந்துவிட்டது.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியவை மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில், எலெக்ட்ரானிக்ஸ் படித்த பெண்களில் நாம் இருவர் மட்டும்தான் அந்த இங்கிலீஷ் பாட்டுகளைக் கேட்டோம். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த உன் அண்ணன் ஒரு வாக்மேனையும் இரண்டு கேசட்டுகளையும் கொண்டுவந்திருந்தார். கேசட்டுகள் அங்கே அவரோடு அறையில் தங்கியிருந்த யாரோ கொடுத்தவையாம். அண்ணனுக்குப் பிடிக்காமல் உனக்கு வந்து சேர்ந்தன. அதற்குமுன் எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் சர்ச்சில் ஞாயிறு பூசையில் பாடுகிறவை. எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் ஜெபப் பாடல்களைத் தவிர வேறெதையும் போட அப்பா விடமாட்டார். இது வேறு உலகமாக இருந்தது. ஒரு பாட்டு அவ்வளவு நீளம், அது முடிவதற்குள் இங்கே கிளம்பிய டவுன் பஸ் நாச்சியாபுரத்தை நெருங்கிவிடும். தாளம் நாலு நாலாகப் போய்க்கொண்டே இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஏழுக்குத் தாவும். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஐந்துக்குக் குறையும். ராக் இசையில் இந்த வகைக்குப் பெயர் ப்ராக்ரெசிவ் மெட்டல் என்பதே பிறகுதான் நமக்குத் தெரியும். அதை வாசித்த ஐந்து பேர் குழுவை நாம் "அஞ்சு பேரு" என்றோம்.

ஒரு கேசட், அவர்கள் ஸ்டுடியோவில் செய்த புது ஆல்பம். இன்னொன்று, ஏதோ ஒரு ஊரில் அவர்கள் மேடையில் வாசித்ததைக் கூட்டத்தில் நின்ற யாரோ சின்ன ரெக்கார்டரில் பிடித்தது. அதில் ஒரே இரைச்சல், நடுநடுவே யாரோ இருமுவார்கள். நீ அந்த இரைச்சலைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினாய்.

சாயங்காலம் என் பஸ் வரும்வரை நீயும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பாய். எப்போதும் என் இடது பக்கம்தான். உன் வலது காதில் ஒரு இயர்போன், என் இடது காதில் ஒன்று. கேட்டு முடித்ததும் சண்டை.

"புது ஆல்பத்துல கிட்டார அமுக்கிப்புட்டாக ஸ்டெல்லா. கீபோர்டுதான் பூரா. பாதி எடத்துல ஒண்ணுமே இல்லாம வெறிச்சுன்னு கெடக்கு" என்பாய்.

"ஏண்டி, கிட்டாரு காதப் பொளக்குது. கீபோர்டுதான் எங்கயோ தூரத்துல கேக்குது" என்பேன் நான்.

ஒரே கேசட், ஒரே நேரம், பக்கத்துப் பக்கத்தில் இருவர். மாதக்கணக்கில் இந்தச் சண்டை ஓடியது. மேடைக் கேசட் ஓடும்போது மட்டும் நமக்குள் ஒற்றுமை. அதில் எது எங்கே வருகிறது என்பதில் இருவருக்கும் தகராறே வந்ததில்லை. ஆனால் அந்த இரைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. சுத்தமாக, பிசிறில்லாமல் இருக்கும் ஸ்டுடியோதான் என் கட்சி.

நம்மைப் போலவே இந்தக் குழுவைக் கேட்கிற இன்னொரு கூட்டம் ஊரில் இருப்பது, கேசட் பதிவு செய்து தரும் கடையில் தெரியவந்தது. மெக்கானிக்கல் படித்த கண்ணப்பனும் அவன் கூட்டாளிகள் இருவரும். வீட்டில் பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிறவர்கள். கடைக்காரர் சினிமாப் பாட்டுத்தான் போடுவார். "ஒங்க பாட்டப் போட்டா இருக்குற ஆளும் ஓடிருவாக" என்று கைகூப்பிவிடுவார். அதனால் பாட்டு ஓடாத இடத்தில் நின்று பாட்டைப் பற்றிப் பேசினோம். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் புத்தகத்தால் முகத்தை மறைப்பேன். நீ துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டு, குரலைக் கொஞ்சமும் குறைக்காமல் பேசுவாய்.

ஒருநாள் கண்ணப்பனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"புது ஆல்பத்துல கிட்டாரு இல்லைங்கிறீக. அந்த நீளப் பாட்டுல கிட்டாரும் கீபோர்டும் எதுக்க எதுக்க நின்னு சண்ட போடுதுங்க. அது கேக்கலேன்னா ஒங்களுக்குக் காது கேக்கலேன்னுதான் அர்த்தம்."

கூட்டாளிகள் சிரித்தார்கள். நீ திரும்பி நடந்தாய். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கையை நீட்டினாய்.

"ஒன்னுதக் குடு. என்னுத நீ வச்சுக்க."

மாற்றிக்கொண்டோம். என் இயர்போனை உன் வலது காதில் வைத்தாய். கொஞ்ச நேரத்தில் உன் முகம் மாறியது.

"ஸ்டெல்லா, இது வேற பாட்டு."

எனக்கும் அது வேறு பாட்டாகத்தான் இருந்தது. நான் கேட்டே இராத கீபோர்டு என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருபக்கக் கம்பியில் கிட்டார், மறுபக்கம் கீபோர்டு. இத்தனை நாளும் ஆளுக்குப் பாதி கேட்டிருக்கிறோம். மேடைக் கேசட்டில் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்ததால்தான் அதில் தகராறு வரவில்லை. நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. என் காதிலிருந்ததை வாங்கி, உன் இடது காதில் வைத்து அழுத்தினாய்.

"ஓடுதா இது?"

"இப்பத்தானடி கேட்டேன். ஓடுது."

வலது காதிலிருந்ததை எடுத்துவிட்டு, இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாய். பக்கத்தில் இருந்த எனக்கே அது கேட்டது. உன் கண் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் ஏதாவது சொல்வேனா என்று.

"தனியாக் கேக்கையில ரெண்டுலயும்தான் மாட்டிக்கிறேன். கொஞ்சம் மந்தம், அம்புட்டுத்தான்னு நெனச்சேன்" என்றாய் கடைசியில். "எல்லாருக்கும் ஒரு பக்கம் அப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. உன்னை வீடுவரை கொண்டுபோய் விட்டேன்.

மதுரை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்பது. வந்திருக்கிறது. அப்போதே அந்தப் பக்கத்து நரம்பு போய்விட்டதாம். மருந்தோ ஆபரேஷனோ பலிக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதையெல்லாம் நீ எனக்குச் சொன்னபோது உன் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் முகம் அழுது வீங்கியிருந்தது. தேவகோட்டையில் உனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம்.

"வெளிய மூச்சு விட்றாதீக புள்ள. வலது காது நல்லாத்தான கேக்குது. யாருக்குத் தெரியப்போகுது" என்றார்கள்.

நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவைப் பார்த்தாய். அவர் தரையைப் பார்த்தார். நீ எழுந்து உள்ளே போனாய்.

மறுநாள் மத்தியானம் ஆய்வகத்தில் வாக்மேனைத் திருகு கழற்றிப் பிரித்து வைத்திருந்தாய். இரண்டு வழியாக வரும் ஒலியை இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் வைத்து ஒரே கம்பியில் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒரு காதுக்கே வந்துவிடும் என்பது உன் கணக்கு. நான் செய்கிறேன் என்றேன். "என் காது, நான் பாத்துக்கிறேன்" என்று சால்டரிங் அயர்னைக் கொடுக்க மறுத்துவிட்டாய். முதல் தடவை ஒரு பக்கம் மங்கிப்போனது. பிரித்து மறுபடி பற்றவைத்தாய். விரல் சுட்டது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, வேலையைத் தொடர்ந்தாய்.

அந்த நீளப் பாட்டை வைத்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடியும்வரை நீ அசையவில்லை. முடிந்ததும் இயர்போனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்:

"இம்புட்டு நாளா ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருந்துருக்காக. நான் ஒருத்தரு பேசுறத மட்டும் கேட்டுட்டு, இவரு ஏன் நடுவுல நடுவுல நிப்பாட்டுறாருன்னு கோவப்பட்டுருக்கேன்."

பிறகு என்னிடம் நீட்டினாய். எனக்கும் அதுதான் முதல் தடவை. முழுப்பாட்டை நானும் அன்றுதான் கேட்டேன்.

நீ வீட்டுக்குப் போவாய் என்று நினைத்தேன். கேசட் கடைக்குப் போனாய். கண்ணப்பனும் கூட்டாளிகளும் நின்றிருந்தார்கள். அம்மா சொன்னதை நான் ஞாபகப்படுத்த வாயெடுத்தேன், அதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய்.

"அன்னைக்கிச் சொன்னீகள்ல, காது கேக்கலேன்னு. நெசந்தான். எனக்கு இடது காது கேக்காது. கிட்டாரு அந்தப் பக்கம் இருந்துருக்கு."

கண்ணப்பனுக்கு முகம் வெளுத்துப் போனது. "ஐயோ, நான் சும்மா ஒரு பேச்சுக்கு…"

"அதெல்லாம் வேணாம். இப்ப முழுசாக் கேட்டுட்டு வந்துருக்கேன். புது ஆல்பத்துல கிட்டாரு நல்லாத்தான் இருக்கு, நான் சொன்னது தப்பு. ஆனா இப்பவும் சொல்றேன், மேடையில வாசிச்சதுதான் ஒசத்தி. ஸ்டுடியோவுல ஆளாளுக்குத் தனியா வாசிச்சு ஒட்டிக்கிறலாம், யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. மேடையில, கடைசிப் பகுதியில பாடுறவருக்குக் கொரலு உடையுது. டிரம்ஸ் அடிக்கிறவரு ஒரு சுத்து கூட அடிச்சு அவருக்கு மூச்சுவிட எடங் குடுக்குறாரு. கூட்டம் அந்த வரியப் புடிச்சுக்கிருது. ஒருத்தரு விட்டா இன்னொருத்தரு புடிக்கிறாக. அது ஆல்பத்துல எங்குட்டு இருக்கு, சொல்லுங்க."

கண்ணப்பன் ஒரு அடி முன்னால் வந்தான். "பாதியக் கேட்டுட்டேவா எங்ககூட இம்புட்டுச் சண்ட போட்டீக?" என்றான்.

"முழுசாக் கேட்டாச்சுல்ல. இனிமேத்தான் இருக்கு சண்ட."

அந்த வாரத்துக்குள் பேச்சு ஊரெல்லாம் பரவி, தேவகோட்டைக்காரர்கள் ஆள் விட்டு விசாரித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "கடத்தெருவுல நின்னு தண்டோராப் போட்டுட்டு வந்துருக்கா" என்று அம்மா உன்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். உனக்கு அது வலித்தது எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அம்மா திரும்பிப் போவதை நீ பார்த்துக்கொண்டே இருப்பாய். ஆனால் சொன்னதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

"மறச்சுக் கட்டிக்குடுத்துட்டு, இடது பக்கம் நின்னு மாமியா கூப்பிட்டா நான் என்ன செய்ய? திமிருன்னுதான் நெனப்பாக. தெரிஞ்சு வாரவுக வரட்டும்" என்றாய்.

வந்தார்கள். படிப்பு முடிந்து நீ பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகு, இளையான்குடியிலிருந்து. மாப்பிள்ளையின் அக்கா உள்ளே வந்ததும் நாற்காலியைக் கையில் பிடித்தபடி, "எந்தப் பக்கம் உக்காந்தா ஒங்களுக்குச் சௌரியம்?" என்று கேட்டார்களாம். அன்று ராத்திரி நீ எனக்கு டெலிபோன் செய்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். பின்னால் உன் அம்மா பேசும் சத்தமும் கேட்டது. உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் இருபத்தைந்து வருடத்துக்குமேல் நம் சண்டை ஓடியது. அஞ்சு பேரும் புது ஆல்பம் போடும்போதெல்லாம் உன்னிடமிருந்து அழைப்பு வரும். கீபோர்டு வாசிக்கிறவர் மாறியபோது ஒரு மாதம் விடாமல் பேசினோம். கண்ணப்பன் கனடா போய், நம் மூவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியபின் சண்டை இன்னும் வசதியாகிப்போனது. மேடைதான் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய நீ, அவர்களை மேடையில் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் வைத்தியம், ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர்கள் பெங்களூர் வந்தபோது அந்த நிகழ்ச்சிக்கு நமக்கு டிக்கெட் எடுத்தும்விட்டாய். அந்த வாரம்தான் உன் மார்பில் கட்டி இருப்பது தெரிந்து சிகிச்சை தொடங்கினார்கள். நானும் போகவில்லை. "நீயாச்சும் போயிருக்கலாம்ல. கேட்டுட்டு வந்து சொல்லியிருப்பேல்ல" என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த அன்று, பெங்களூர் நிகழ்ச்சியை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்ததை என் கைப்பேசியில் பார்த்தோம். பாடுகிறவருக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. உச்சத்துக்குப் போகும் இடத்தில் குரல் உடைந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"விட்டுட்டாரு பாத்தியா. இப்பக் கூட்டம் புடிக்கும், கேளு."

பிடித்தது. நீ திருப்தியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டாய்.

போன மாதம் கண்ணப்பன் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தான்: "குரல் சுத்தமாகப் போய்விட்டது. இனி இவர்கள் மேடை ஏறக் கூடாது. பழைய ஆல்பங்களின் மரியாதையைக் காப்பாற்றட்டும்." எனக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். ஆனால் அதன் கீழே நீ எழுதியிருக்க வேண்டிய பதில் இல்லை. ஒருநாள் முழுக்க அந்த இடம் காலியாகவே கிடந்தது. மறுநாள் காலை உட்கார்ந்து எழுதினேன். டிரம்ஸ்காரர் கொடுக்கும் அந்த ஒரு சுற்று, கூட்டம் பிடிக்கும் வரி, ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிப்பது என்று நீ கடை வாசலில் சொன்னது எல்லாவற்றையும்.

"ஸ்டெல்லா, நீங்க ஸ்டுடியோ கட்சியாச்சே?" என்று கேட்டான்.

"இப்பவும் அதுதான். ஆனா அவ பக்கம் ஆளில்லாம விடமாட்டேன்" என்று போட்டேன். அவனிடமிருந்து, "அப்பச் சண்டைய ஆரம்பிங்க" என்று வந்தது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. உன் அளவுக்கு எனக்குப் பேச வராது. ஆனாலும் இரண்டு தடவை அவன் வாயை அடைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அஞ்சு பேரும் மறுபடியும் பெங்களூர் வருகிறார்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன். "அம்பதுக்கு மேல ஆச்சு, அவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே பாக்க முடியுமாம்மா?" என்று மகன் கேட்கிறான். முடியும் என்று சொல்லிவிட்டேன். பாடுகிறவரால் அந்த உச்சத்தை எட்ட முடியாது, அது தெரிந்துதான் போகிறேன். அவர் விடுகிற இடத்தில் பிடிக்கிறவர்களோடு நானும் இருப்பேன். அந்த வரியை இப்போதே பாடிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.