வருகிறவர்களுக்கான பாஸ்வேர்டு

மார்ச் 3, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, ரிப்போர்ட்டாக அடித்துத் தருவதுதான் எங்கள் ஐந்து பேரின் பிழைப்பு. அதில் பாதிக்கு மேல் ஒரே மருத்துவமனையின் வேலை. இன்று அவர்கள் சாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம்: நோயாளிகளின் விவரம் இருக்கிற இடத்தில் வைஃபை திறந்து கிடக்கக் கூடாது, மாதக் கடைசியில் ஆள் வந்து சோதிப்பார்கள், தேறாவிட்டால் வேலை வேறு ஆபீசுக்குப் போய்விடும்.

சார் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இதெல்லாம் பெரிய விஷயமா சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவைத்தேன். எப்போதோ பிரிண்டரில் சிக்கிய தாளை உருவி எடுத்ததிலிருந்து இங்கே நான்தான் கம்ப்யூட்டர் நிபுணி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

புது வைஃபை பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அதுவும் நடுத்தர விலையில், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

மார்ச் 5, புதன்

பார்க்கப் பார்க்கத் தலை சுற்றுகிறது. வைஃபை பெட்டி தெருப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் சிக்னலில் பாதி தெருவுக்கு. அமைப்பை மாற்றப் பெட்டியின் உள்ளே போகும் பாஸ்வேர்டு கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டோ கீழே நகல் எடுக்கும் கடைக்காரர், கூரியர்காரர், வேலையை விட்டுப் போனவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். போனவர்களில் ஒருத்தி இப்போது போட்டி ஆபீசில் இருக்கிறாள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை.

பாஸ்வேர்டு என்னவோ நல்ல நீளம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. "அப்பா குறட்டை விடுவார் ஏழு." எல்லாம் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். வைத்தது சாரின் பெண். பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும்போது, சாயங்காலம் இங்கே வந்து என் பக்கத்து நாற்காலியில் சுற்றிக்கொண்டே வைத்தாள். ஏழு எதற்கு என்று கேட்டேன். ஏழு வீட்டுக்குக் கேட்கும் அக்கா என்றாள்.

வேறு ஊருக்குப் படிக்கப் போன இடத்தில் காய்ச்சல் வந்தது. போய்விட்டாள். ஒன்றரை வருஷம் ஆகிறது.

மார்ச் 6, வியாழன்

சாரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெட்டியை நடு அறைக்கு மாற்றுவது, ஆபீஸ் பெயர் தெரியாமல் வைஃபைக்கு வேறு பெயர் வைப்பது, பெட்டியில் ஒரு பட்டனை அமுக்கினால் யாரும் சேர்ந்துகொள்ளும் வசதியை மூடுவது. எல்லாம் காசில்லாத வேலை என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாஸ்வேர்டு என்றதும் மேஜையைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும்."

அது இருந்தால் மற்றதெல்லாம் வீண் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 8, சனி

புதுப் பெட்டி வந்துவிட்டது. சார் ஊரில் இல்லை. இதுதான் சமயம் என்று தோன்றியது. பூனைக்கு மணி கட்டுவது யார் யார் என்று எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? வேகமக்கா (எங்களில் வேகமாக டைப் அடிப்பவர், பெயரே அப்படி ஆகிவிட்டது) வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். சாரிடம் கேட்டுவிட்டுச் செய் என்றார். நான் கேட்கவில்லை. புதுப் பாஸ்வேர்டு போட்டுவிட்டேன். யாராலும் ஊகிக்க முடியாது. எனக்கே ஞாபகம் நிற்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஏன் செய்தேன்.

சார் வந்ததும் போனில் நெட் வரவில்லை என்றார். புதுப் பாஸ்வேர்டைச் சொன்னேன். அவர் அடித்தார், தப்பு. மறுபடி அடித்தார், தப்பு. நான் அடிக்கட்டுமா சார் என்று கையை நீட்டினேன். போனைத் தரவில்லை.

"பழசு எங்கம்மா?"

மாத்திட்டேன் சார்னு சொன்னேன். வேற என்ன சொல்றது. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பையை எடுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டார். மத்தியானமா கூரியர்காரர் வந்து பழைய பாஸ்வேர்டு போட்டுப் பாத்துட்டு, "என்னக்கா, அப்பா குறட்டைய நிறுத்திட்டாரா"ன்னு சிரிச்சார். அவருக்கு என்ன தெரியும் பாவம். வேகமக்கா எழுந்து பாத்ரூமுக்குப் போயிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

சார் வரவில்லை.

மார்ச் 12, புதன்

வந்தார். அறைக்குள் கூப்பிட்டார். மன்னித்துவிடுங்கள் சார் என்று ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். நான் செய்ததுதான் சரியாம், மருத்துவமனை வேலை போனால் ஐந்து குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது, தனக்குத்தான் புத்தி இல்லை என்றார். நான் எழுந்திருக்கும்போதுதான் அதைச் சொன்னார், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு:

"வீட்ல அவ பேச்சை எடுக்கறதே இல்லம்மா. அவ அம்மாவால தாங்க முடியாது, அதனால நானும் எடுக்கறதில்ல. இங்கதான் யாராவது வந்து பாஸ்வேர்டு கேப்பாங்க. நான் சொல்லுவேன். அவ சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

நான் ஒருத்தி. அவள் சுற்றிய நாற்காலி என் பக்கத்தில்தான் கிடக்கிறது. எனக்கும் அவளை அவ்வளவு பிடிக்கும். அப்படியிருந்தும் எனக்குத் தோன்றவில்லையே.

மார்ச் 13, வியாழன்

புதுப் பெட்டியோடு வந்த புத்தகத்தை இன்றுதான் முழுக்கப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஒரே பெட்டியில் இரண்டு வைஃபை வைக்கலாம். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று வருகிறவர்களுக்கு. வருகிறவர்கள் பக்கத்திலிருந்து இன்டர்நெட் மட்டும் கிடைக்கும். எங்கள் கம்ப்யூட்டர்களோ ரிப்போர்ட்டுகளோ கண்ணிலேயே படாது. அந்தப் பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்தாலும் முன்னறை பெஞ்சைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது. கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. வேகமக்காவை அந்தப் பக்கம் சேரச் சொல்லி, எங்கள் பிரிண்டராவது தெரிகிறதா என்று தேடவைத்தேன். தெரியவில்லை.

சாரிடம் சொன்னேன். இதனால் மருத்துவமனை வேலைக்கு ஆபத்து வராதே என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். சோதிக்க வருகிறவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த நிமிஷமே மாற்றிவிடலாம் என்றேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரலால், பழைய பாஸ்வேர்டை அவரே அடித்தார். கடைசி எண் ஏழு வரைக்கும் அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

கூரியர்காரருக்குக் குறட்டை திரும்பக் கிடைத்துவிட்டது. நகல் கடைக்காரர்தான் கோபமாக இருக்கிறார், பெட்டி நடு அறைக்குப் போனதிலிருந்து சிக்னல் கீழே எட்டவில்லையாம். அதற்கு நான் என்ன செய்ய.

மார்ச் 28, வெள்ளி

சோதிக்க வந்தவர் ஒரு பெண், என் வயது இருக்கும். தெருவில் நின்று பார்த்தார், படிக்கட்டில் நின்று பார்த்தார். பெட்டிக்குள் போக முயன்றார், முடியவில்லை. எங்கள் வைஃபையின் பாஸ்வேர்டை யாரும் தன்னிடம் சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கடைசியில் முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கான பாஸ்வேர்டைக் கேட்டார். சார் சொன்னார். அடிக்கப் போன அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்துவிட்டார். யார் சார் வெச்சது இதை?

"என் பொண்ணு."

"காலேஜ் படிக்கறாங்களா?"

"ஆமா," என்றார் சார். "ரெண்டாவது வருஷம்."

கணக்கு சரிதான். இருந்திருந்தால் ரெண்டாவது வருஷம்தான்.

நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதில் எதுவும் ஓடவில்லை. வேகமக்காவும் மாட்டிக்கொண்டார்.

அந்தப் பெண் அரைமணி தேடிப் பார்த்தும் பெஞ்சைத் தாண்டி வர முடியவில்லை. நல்லாப் பண்ணியிருக்கீங்க என்று எனக்குக் கை கொடுத்தார். வேலை எங்களுக்கே. சந்தோஷப்பட வேண்டிய நாள்.

ஏப்ரல் 2, புதன்

வேலை குவிகிறது. காது வலி.

ஏப்ரல் 9, புதன்

சாரின் மனைவி ஆபீசுக்கு வந்தார். பெண் போனபிறகு இந்தப் படி ஏறியதில்லை. பாங்கில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சார் உள்ளே மருத்துவமனைக்காரர்களோடு போனில் இருந்தார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, இங்கே நெட் இருக்கா என்று என்னைக் கேட்டார்.

சார் அறையைப் பார்த்தேன். கதவு மூடியிருந்தது. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேகமக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். மாதம் பூராவும் எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான்.

சொன்னேன். மெதுவாக, எழுத்தெழுத்தாக. அவர் அடித்துக்கொண்டே வந்தார். பாதியிலேயே புரிந்திருக்க வேண்டும், விரல் மெதுவாகிவிட்டது. ஏழு வரைக்கும் அடித்து முடித்தார். சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"அவ வெச்சதா?"

ஆமாம்மா என்றேன்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பல்லாம் விடறதில்ல," என்றார். "தூங்கினாத்தானே குறட்டை வரும்."

அதற்குள் சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அம்மா கையில் போன் இருந்ததைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

"வேற என்னல்லாம் சொல்லுவா இங்க வந்து?"

சார் உட்கார்ந்தார். அவர் சொல்ல ஆரம்பித்ததும் நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டோம். உள்ளே போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்துதான். நான் போய் எடுத்து, சார் வேலையாக இருக்கிறார், நாளைக்குப் பேசுவார் என்று சொல்லி வைத்தேன்.