பெரிய கால் பெட்டைகளை அடைக்கு வைக்காதே

அன்புள்ள தோவா,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

போன செவ்வாய்க்கிழமை கோழிக்காய்ச்சல் என்று கால்நடைத் துறை ஆட்கள் வந்தார்கள். நான் ஊரிலிருந்து தெற்கே கொண்டுவந்த தடிக்கால் டோங் தாவ் கோழிகள் நாற்பதையும் குழியில் போட்டு மூடிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை, பயப்படாதே. பெரிய சேவலின் காலைப் பார்த்து ஒருவன், "என்ன அண்ணே, யானைக்கு இறக்கை முளைச்சிருக்கா?" என்றான். நானே பிடித்துக் கொடுத்தேன். மற்றவர் தொட்டால் உதறும்.

இனி நம் கோழி வம்சத்தில் மிச்சம் உன்னிடம் இருக்கும் சேவலும் இரண்டு பெட்டைகளும்தான். புத்தாண்டுப் பரிசுக்குக் கேட்டு காரில் ஆட்கள் வருவார்கள். "தோவாக்கா, விலையை நீங்களே சொல்லுங்க" என்பார்கள். சொல்லாதே. விலை சொல்லிவிட்டால் விற்றுவிடுவோம், நம் புத்தி அப்படி. அந்தப் பெட்டைகளை அடையில் உட்கார விடாதே. போன வருஷம் பாவம் பார்த்து ஒன்றை உட்கார விட்டேன், தடிக்காலால் பதினொரு முட்டையை மிதித்து உடைத்தது. முட்டைகளைப் பக்கத்து வீட்டுச் சாதாரணக் கோழிக்கு அடியில் வை.

கொஞ்சம் எள்ளுப்பொடி அனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் இன்னும் அந்த நாற்பது கோழிக்கும் சோளம் ஊறவைத்துவிடுகிறேன். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நினைவு வருகிறது.

லாரி கிளம்புகிறது, இதை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். குஞ்சு பொரித்தால் உடனே எழுது.

கியெம்